தோல்வியே காணாத 1982 கங்காரு பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிட்னியின் மேற்குப் புறநகரில், பாராமட்டா அணியின் நீலமும் பொன்மஞ்சளும் வேலிகளில் தொங்கும் ஒரு தெருவில் நான் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். எதிர்வீட்டுப் பெரியவர் அந்த அணியின் பரம ரசிகர். 1982-இல் ஆஸ்திரேலிய ரக்பி லீக் அணி பிரிட்டனிலும் பிரான்ஸிலும் தோற்காமல் ஆடிவிட்டு வந்ததைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும். அவரிடம் கேட்டதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் உறவினர்களிடமும், தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோரிடமும் சொல்லப்போய், அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றை இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

ரக்பி லீக் என்றால் என்ன? இலங்கையில் பள்ளிக்கூடங்கள் ஆடும் ரக்பிதானே இதுவும்?

இல்லை. கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக மோதுவது ரக்பி யூனியன். அதில் ஓர் அணிக்கு 15 பேர். ரக்பி லீக்கில் 13 பேர். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தாம், ஆனால் 1895-இலேயே தனிக்குடித்தனம் போய்விட்டவர்கள். வட இங்கிலாந்தின் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டப் பணம் தரலாமா கூடாதா என்பதுதான் சண்டை. தரவேண்டும் என்ற சங்கங்கள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிப் பிரிந்து வந்தன. அந்தப் பிரிவுதான் பிற்காலத்தில் ரக்பி லீக் ஆனது.

ஆட்டத்தில் கண்ணுக்குப் படும் பெரிய வேறுபாடு, பிடிபட்ட பிறகு நடப்பது. லீக்கில் பந்தோடு ஓடுபவரை மடக்கி வீழ்த்திவிட்டால் அவர் மேல் யாரும் குவியக்கூடாது. எழுந்து நின்று, பந்தைக் காலடியில் வைத்து, குதிகாலால் பின்னுக்கு உருட்ட விடவேண்டும். பின்னால் நிற்பவர் எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்வார். இப்படி ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஆட்டம் நிற்காமல் அலைபோல வந்து மோதிக்கொண்டே இருக்கும். தடுக்கிற அணிக்கு மூச்சு வாங்க நேரமே இருக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1982-இன் கதை முழுவதும் இந்த மூச்சைப் பற்றியதுதான்.

புள்ளிக் கணக்கு எப்படி? பழைய ஆட்டங்களின் எண்ணிக்கை இப்போதைய கணக்கோடு ஒத்துப்போகவில்லையே?

ஒத்துப்போகாது. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிப்பது ட்ரை. இன்று அதற்கு 4 புள்ளி. 1982-இல் 3 புள்ளிதான், மறு ஆண்டில்தான் 4 ஆனது. ட்ரைக்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கோலுக்கும் பெனால்ட்டி கோலுக்கும் அன்றும் இன்றும் 2 புள்ளி. ஆட்டத்தின் நடுவே உதைக்கும் டிராப் கோலுக்கு 1. ஆகவே கீழே 40 என்று வருமிடத்தில், இன்றைய கணக்கில் அது 48 என்று கூட்டிக்கொள்ளலாம்.

கங்காரு பயணம் என்கிறீர்களே, அது என்ன?

ஆஸ்திரேலிய ரக்பி லீக் தேசிய அணியின் பெயர் கங்காருக்கள். 1908 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்கள் கப்பலேறி, பிற்பாடு விமானமேறி, பிரிட்டனுக்குப் போய் இரண்டு மூன்று மாதம் தங்கி ஆடிவிட்டு வருவார்கள். நாட்டு அணிகள் மோதும் ஆட்டத்துக்கு இங்கும் டெஸ்ட் என்று பெயர். பிரிட்டனுக்கு எதிரான டெஸ்ட் தொடருக்கு ஆஷஸ் என்றே பெயர். கிரிக்கெட் ஆஷஸின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

டெஸ்ட் மட்டும் ஆடிவிட்டுத் திரும்பும் வழக்கம் அன்று இல்லை. விகன், லீட்ஸ், ஹல் என்று ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊரின் சங்க அணியோடு மோதவேண்டும். அந்த ஊர்க்காரருக்கு அது நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் நாள். உலகின் மிகச் சிறந்த அணி தன் தெருமுனை மைதானத்துக்கு வருகிறது என்றால், அதைத் தோற்கடிக்க உயிரைக் கொடுத்து ஆடுவார்கள். வாரத்துக்கு இரண்டு முறை இப்படி யாரோ ஒருவர் உயிரைக் கொடுத்து மோதுவதைத் தாங்கி நிற்பதுதான் பயணத்தின் கஷ்டம்.

சரி, 1982-இல் அப்படி என்ன நடந்தது?

பிரிட்டனில் 15 ஆட்டங்கள், பிரான்ஸில் 7 ஆட்டங்கள். மொத்தம் 22. இருபத்திரண்டையும் வென்றார்கள். ஒரு சமநிலைகூட இல்லை. கங்காருப் பயணங்களின் வரலாற்றில் எல்லா ஆட்டத்தையும் வென்ற முதல் அணி அது. அதனால் வெல்லப்படாதவர்கள் என்ற பட்டம் அவர்களுக்கு நிலைத்துவிட்டது.

பிரிட்டனில் மட்டும் அவர்கள் எடுத்தது 423 புள்ளி, கொடுத்தது 80. முதல் எண்ணைத்தான் எல்லோரும் வியந்து சொல்வார்கள். எனக்கு இரண்டாவது எண்தான் பெரிது. ஏழு வாரத்தில் 15 ஆட்டம், ஈரமும் சேறும் நிறைந்த இங்கிலாந்து இலையுதிர்காலம். அதில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஆறு புள்ளிகூட விட்டுக்கொடுக்கவில்லை. செயின்ட் ஹெலன்ஸ் அணி ஒரு புள்ளிகூட எடுக்காமல் 32-0 என்று தோற்றது. முந்தைய பருவத்தின் சாம்பியனான லீ அணி 44-4 என்று தோற்றது.

அணியில் யார் யார் இருந்தார்கள்?

மொத்தம் 28 பேர். தலைவர் மேக்ஸ் கிரிலிச், சிட்னியின் மேன்லி சங்கத்தில் முன்வரிசையின் நடுவே ஆடும் ஹூக்கர். துணைத்தலைவர் குவீன்ஸ்லாந்தின் வாலி லூயிஸ். பயிற்சியாளர் ஃபிராங்க் ஸ்டாண்டன். இவர் 1963-64 பயணத்தில் ஆட்டக்காரராகப் போனவர், 1978 பயணத்தின் பயிற்சியாளரும் இவரே. கடுகடுப்பானவர் என்று பெயரெடுத்தவர். பயிற்சியில் தளர்வு காட்டமாட்டார்.

முதல் டெஸ்டில் இறங்கிய பதின்மூவர்: ஃபுல்பேக் கிரெக் பிரென்ட்னல், விங்கர்கள் கெரி பூஸ்டெட், எரிக் குரோத், நடுவில் மால் மெனிங்கா, ஸ்டீவ் ரோஜர்ஸ், ஆட்டத்தை நடத்த பிரெட் கென்னி, பீட்டர் ஸ்டெர்லிங், முன்வரிசையில் கிரெய்க் யங், கிரிலிச், லெஸ் பாய்ட், அவர்களுக்குப் பின்னால் வேய்ன் பியர்ஸ், ஜான் மகிள்டன், ரே பிரைஸ். இதில் மெனிங்கா, ஸ்டெர்லிங், கென்னி, குரோத், பியர்ஸ் ஐவருக்கும் வயது 21, 22தான். கிரிலிச், ரோஜர்ஸ், பிரைஸ், யங், பூஸ்டெட் ஆகியோர் 1978-இலும் பயணம் போய், தோல்வியின் கசப்பையும் ருசித்துவிட்டு வந்தவர்கள். இளங்கன்றுகளும் அடிபட்ட காளைகளும் சரியான அளவில் கலந்த அணி என்று எதிர்வீட்டுப் பெரியவர் சொல்வார். அதற்குமேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

நம் பாராமட்டாக்காரர்கள் எத்தனை பேர்?

மேலே சொன்ன பதின்மூவரில் ஐந்து பேர்: கென்னி, ஸ்டெர்லிங், குரோத், மகிள்டன், பிரைஸ். பாராமட்டா 1981, 1982, 1983 என மூன்று ஆண்டும் தொடர்ந்து சாம்பியன் ஆன காலம் அது. கென்னியும் ஸ்டெர்லிங்கும் வாரா வாரம் சேர்ந்து ஆடியவர்கள் என்பதால் ஒருவர் திரும்பிப் பார்க்காமலே மற்றவருக்குப் பந்தைக் கொடுப்பார். தேசிய அணிக்குப் பொதுவாக இல்லாத சௌகரியம் இது. தாடியும் அகன்ற தோளுமாக விளிம்பில் ஓடும் குரோத்துக்கு ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர் குரு. ஆம், நம் குருவேதான்.

முதல் டெஸ்டில் பிரிட்டன் 40-4 என்று தோற்றதாமே? உண்மையில் அவ்வளவு மோசமா?

உண்மைதான். 1982 அக்டோபர் 30, ஹல் நகரின் பூத்ஃபெரி பார்க். அது கால்பந்து மைதானம். இருபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். ஆஸ்திரேலியா எட்டு ட்ரை போட்டது. எட்டையும் போட்டது எட்டுப் பேர்: பூஸ்டெட், பாய்ட், குரோத், கென்னி, மெனிங்கா, பியர்ஸ், பிரைஸ், மாற்று ஆட்டக்காரராக வந்த ராட் ரெட்டி. இதைவிடத் தெளிவாக ஓர் அணியை விவரிக்க முடியாது. யாரைப் பிடித்து நிறுத்தினால் தப்பலாம் என்று பிரிட்டனுக்குத் தெரியவில்லை. ஒருவரைப் பிடித்தால் மற்றவர் புகுந்தார். எட்டுக் கோலையும் உதைத்தது மெனிங்கா. பிரிட்டனுக்குக் கிடைத்தது இரண்டு பெனால்ட்டி கோல் மட்டும்.

மெனிங்கா கோல் உதைப்பதைப் பழைய பதிவில் நின்று கவனித்துப் பாருங்கள். அது கம்பீரமான காட்சி. பெரிய உடம்பு, தூண் போன்ற தொடைகள். பந்தை நிறுத்திவைத்து, பின்னோக்கி நடந்து, தலையைக் கவிழ்த்து ஒரு கணம் நிற்கிறார். பிறகு சில அடிகள்தான் ஓடுகிறார். உதைத்த பின்னும் தலை நிமிர்வதில்லை. பந்து போய்ச் சேரும் இடத்தைக் காலே பார்த்துக்கொள்ளும் என்பது போல. பயணம் முழுவதிலும் 10 ட்ரை, 68 கோல் என 166 புள்ளி அவருடையது.

மற்ற இரண்டு டெஸ்டுகள்?

நவம்பர் 20, விகன்: 27-6. நவம்பர் 28, லீட்ஸின் ஹெடிங்லி: 32-8. இரண்டுக்கும் நடுவே எட்டே நாள். அதிலும் இடையில் விட்னஸ் சங்கத்தோடு ஓர் ஆட்டம் ஆடி 19-6 என்று வென்றார்கள்.

முதல் இரண்டு டெஸ்டிலும் பிரிட்டனால் ஒரு ட்ரைகூடப் போட முடியவில்லை. மூன்றாவதில்தான் ஸ்டீவ் எவன்ஸ் கோட்டைத் தாண்டினார். தொடர் முழுவதற்கும் பிரிட்டன் போட்ட ஒரே ட்ரை அது.

அப்படியானால் எதிரிகள் மிகவும் பலவீனமானவர்கள். எளிதான வெற்றிக்கு ஏன் இவ்வளவு புகழ்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்று சொன்னாலும் தவறில்லை. டெஸ்ட் எண்ணிக்கைகளை மட்டும் பார்ப்பவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் சங்க ஆட்டங்களைப் பாருங்கள். பயணத்தின் இரண்டாவது ஆட்டத்திலேயே விகன் அணி 13-9 வரை வந்துவிட்டது. நான்கே புள்ளி. ஒரு ட்ரையும் கோலும் விழுந்திருந்தால் வெல்லப்படாதவர்கள் என்ற சொல்லே பிறந்திருக்காது. பிராட்ஃபர்ட் நார்தர்ன் 13-6. ஹல் 13-7.

ஹல் ஆட்டத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். இரண்டாம் டெஸ்டுக்குச் சில நாள் முன்பு நடந்தது. இங்கிலாந்துச் சங்கங்கள் மோதும் சேலஞ்ச் கோப்பையை அந்த ஆண்டு வென்ற சங்கம், சொந்த மைதானமான பூல்வார்ட். வரிசை வரிசையாக நெருக்கமான வீடுகளுக்கு நடுவே, ரசிகர்களின் மூச்சு ஆட்டக்காரர் மேல் படுகிற அளவுக்குக் குறுகலான இடம். இடைவேளையில் ஹல் 7-0 என்று முன்னிலை. பயணத்தின் தோல்வியற்ற கணக்கு அங்கேயே முடிந்துவிடும் நிலை. இரண்டாம் பாதியில் ஆஸ்திரேலியா ஒரு புள்ளிகூட விடவில்லை. பதற்றப்பட்டுத் தூரத்திலிருந்து சாகசங்களும் செய்யவில்லை. வீழ்த்தினால் எழுந்து, பிடித்தால் விடாமல், ஒவ்வொரு கஜமாக எதிரணியைப் பின்னுக்குத் தள்ளி 13 புள்ளி எடுத்தது. 40-4 பார்க்க அழகு. ஆனால் அந்த அணியின் பெருமையை எங்கே தேடுவாய் என்று கேட்டால் நான் பூல்வார்டின் அந்த நாற்பது நிமிடத்தைத்தான் காட்டுவேன்.

பிரிட்டன்தானே இந்த ஆட்டத்தின் தாய்வீடு? எப்படி இவ்வளவு பின்தங்கினார்கள்?

பல காரணங்கள் சேர்ந்தன. முதலாவது, பணம். நியூ சவுத் வேல்ஸில் 1956-இல் போக்கர் எந்திரங்களுக்குச் சட்ட அனுமதி கிடைத்தது. ரக்பி லீக் சங்கங்கள் நடத்திய மன்றங்களுக்கு அதிலிருந்து வருமானம் கொட்டியது. சூதாட்டக் காசு என்பதால் எனக்கு அதில் மகிழ்ச்சியில்லை, ஆனால் நடந்தது அதுதான். அந்தப் பணத்தில் இங்கிலாந்தின் சிறந்த ஆட்டக்காரர்களையே விலைக்கு வாங்கினார்கள். மால்கம் ரைலி போன்றவர்கள் மேன்லிக்கு வந்து ஆடினார்கள். ஆடியதோடு, தங்கள் வித்தையையும் இங்கே விதைத்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது, உடல். முதல் கேள்வியில் சொன்ன ஆறு பிடி விதி ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டிவிட்டது. மாற்று ஆட்டக்காரர்கள் இருவர்தான், எனவே பெரும்பாலானவர்கள் 80 நிமிடமும் ஓடவேண்டும். ஆஸ்திரேலியா இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டது. எடைப் பயிற்சி, ஓட்டம், உணவு, எதிரணியைப் படம்பிடித்துப் படிப்பது எல்லாம் அங்கே வழக்கமாகிவிட்டன. வேய்ன் பியர்ஸ் மதுவைத் தொடாதவர். முன்வரிசைக்காரர் என்றால் தொப்பையும் பீர் குவளையும் என்றிருந்த காலத்தில், அவர் உடம்பைக் கோயில் போல வைத்திருந்தார். பிரிட்டனின் ஆட்டக்காரர்களோ பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். அவர்களிடம் வீரம் குறையவில்லை. கடைசி இருபது நிமிடத்தில் கால்தான் குறைந்தது.

மூன்றாவது, உள்நாட்டுப் போட்டி. 1980-இல் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடங்கியது. குவீன்ஸ்லாந்தில் வளர்ந்தவர்கள் எந்த ஊர்ச் சங்கத்துக்கு ஆடினாலும் சொந்த மாநிலத்துக்காக நியூ சவுத் வேல்ஸோடு மோதலாம் என்றானது. 1982-இல்தான் அது முதன்முறையாக மூன்று ஆட்டத் தொடராக நடந்தது. அந்தக் கடும் உலையில் புடம்போட்டவர்கள் நேரே பிரிட்டனுக்குப் போனார்கள்.

வாலி லூயிஸ் துணைத்தலைவராயிற்றே? முதல் பதின்மூவரில் அவர் பெயர் ஏன் இல்லை?

ஏனென்றால் அவருடைய இடத்தில் பிரெட் கென்னி ஆடிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவின் மாபெரும் ஆட்டக்காரர்களுள் ஒருவராகக் கொண்டாடப்பட்ட லூயிஸ், பிரிட்டனில் மூன்று டெஸ்டிலும் தொடக்க அணியில் இல்லை. கென்னியோடு சேர்ந்து ஆட்டத்தை நடத்தும் ஹாஃப்பேக் இடத்திலும் இதே கதை. ஸ்டீவ் மார்ட்டிமர் போன்ற ஒருவர் இருக்க, இடம் ஸ்டெர்லிங்குக்குப் போனது.

துணைத்தலைவரையே வெளியே உட்கார வைக்கும் துணிச்சல் ஸ்டாண்டனுக்கு இருந்தது. உட்கார்ந்தவர்களும் வாரநடுவில் சங்க ஆட்டங்களில் இறங்கி வென்று கொடுத்தார்கள். 28 பேரும் சேர்ந்து சம்பாதித்த 22 அது. லூயிஸுக்கும் காலம் வந்தது, அது கீழே 1986 பற்றிய பதிலில் வருகிறது.

சிலர் 22 வெற்றி என்கிறார்கள், சிலர் 23 என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி, எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனுக்குப் போகும் வழியில் அணி பப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடி 38-2 என்று வென்றது. பிரிட்டன், பிரான்ஸ் பயணம் என்று மட்டும் எண்ணினால் 22. இதையும் சேர்த்தால் 23. கங்காருப் பயணம் என்ற பெயர் மரபாக முதலாவதைக் குறிப்பதால் நான் 22 என்றே எழுதுகிறேன். ஒரு தகவல்: பப்புவா நியூ கினிக்கு ரக்பி லீக் தேசிய விளையாட்டு. அங்கே மக்கள் அதன்மேல் வைத்திருக்கும் பித்துக்கு முன்னால் சிட்னி ஒன்றுமே இல்லை.

பிரான்ஸில் ஆடியது ஒரு சம்பிரதாயம்தானே?

அப்படி நினைத்து ஏமாந்தது 1978 அணி. ஆஷஸை 2-1 என்று வென்ற களிப்போடு பிரான்ஸுக்குப் போய், இரண்டு டெஸ்டையும் தோற்றுவிட்டுத் திரும்பியது. கார்கசோனில் 13-10, துலூஸில் 11-10. நீண்ட பயணத்தின் கடைசியில், வீட்டு நினைப்பு வந்த பிறகு, உடம்பில் எண்ணெய் தீர்ந்த நிலையில் ஆடும் ஆட்டங்கள் அவை. அந்தத் தோல்வியைக் கூட இருந்து பார்த்த பயிற்சியாளரும் ஆட்டக்காரர்களும் 1982-இல் இருந்தார்கள் என்று முன்பே சொன்னேன். இம்முறை அவிஞ்ஞோனில் 15-4, நார்போனில் 23-9. பெரிய எண்ணிக்கைகள் இல்லை, ஆனால் பயணத்தைக் கறையில்லாமல் முடித்தவை இவைதாம்.

பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி ஒரு சொல். இரண்டாம் உலகப்போரின்போது, ஜெர்மனிக்குப் பணிந்து பிரான்ஸை ஆண்ட விஷி அரசு 1941-இல் ரக்பி லீக்கைத் தடைசெய்து, அதன் சொத்துகளையும் பறித்துக்கொண்டது. அதிலிருந்து எழுந்து 1951-இல் ஆஸ்திரேலியாவுக்கே வந்து டெஸ்ட் தொடரை வென்றார்கள். அவர்களை யாரும் இளக்காரமாகப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன்.

திரும்பி வந்த பிறகும் தோல்வியே இல்லையா?

இருந்தது. 1983 ஜூலையில் பிரிஸ்பேனில், சொந்த மண்ணில், நியூசிலாந்து 19-12 என்று தோற்கடித்தது. ஏழு மாதத்துக்கு முன் ஐரோப்பாவையே சுருட்டியவர்களில் பலர் அன்றும் ஆடினார்கள். வெல்லப்படாதவர்கள் என்ற பட்டம் அந்தப் பயணத்துக்கு உரியது, ஆட்களின் ஆயுளுக்கு அல்ல.

1986 அணியும் எல்லாவற்றையும் வென்றதாமே? அப்படியென்றால் 1982-க்கு என்ன தனிச்சிறப்பு?

ஆம், 1986-இல் வாலி லூயிஸ் தலைமையில், டான் ஃபர்னரின் பயிற்சியில் போன அணி பிரிட்டனில் 13, பிரான்ஸில் 7 என இருபதையும் வென்றது. டெஸ்டுகள் 38-16, 34-4, 24-15. நான்காண்டு முன் வெளியே உட்கார்ந்தவர் தலைவராக ஆஷஸை ஏந்தினார்.

எது பெரிது என்ற வாதம் எதிர்வீட்டுத் திண்ணையில் இன்னும் தீரவில்லை. ஆட்டத்திறனில் 1986 அணி ஒரு படி மேல் என்பவர்கள் உண்டு. நான் 1982 பக்கம். 1986-இல் போனவர்களுக்கு இது முடியும் என்று தெரியும். 1982-இல் போனவர்களுக்கு முன்னால் அப்படி யாரும் செய்துகாட்டவில்லை. அது தவிர, முதல் முறை பிரிட்டன் தயாராக இல்லை, எனவே அதிர்ச்சியும் பெரிது, அதன் விளைவும் பெரிது.

தோற்ற பிரிட்டனுக்கு இதனால் ஏதாவது நன்மை உண்டா?

நிறைய. அவமானத்தை மூடி மறைக்காமல் பாடமாக எடுத்துக்கொண்டார்கள். 1982-இல் தேசியப் பயிற்சி இயக்குநராகப் பொறுப்பேற்ற ஃபில் லார்டர் ஆஸ்திரேலிய முறைகளைப் படித்து, இங்கிலாந்துச் சங்கங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1983-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் மாற்றத்துக்கு இருந்த தடை நீங்கியது. தங்களைத் தோற்கடித்தவர்களையே கூப்பிட்டு ஆடவைத்தார்கள். ஸ்டெர்லிங் ஹல்லுக்கு, மெனிங்கா செயின்ட் ஹெலன்ஸுக்கு, கென்னி விகனுக்குப் போனார்கள். 1985-இல் வெம்ப்லியில் நடந்த சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில் விகன் 28-24 என்று ஹல்லை வென்றது. ஒரு பக்கம் கென்னி, மறுபக்கம் ஸ்டெர்லிங். பாராமட்டாவின் இரு தோள்களும் லண்டனில் எதிரெதிரே நின்றன. சிறந்த ஆட்டக்காரருக்கான லான்ஸ் டாட் கோப்பை கென்னிக்குக் கிடைத்தது.

பலன் உடனே வரவில்லை. 1984-இல் ஆஸ்திரேலியாவில் மூன்று டெஸ்டும் தோல்வி, 1986-ஐ மேலே பார்த்தோம். பிறகு 1988-இல் சிட்னியில் பிரிட்டன் 26-12 என்று வென்றது, ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பத்து ஆண்டில் கிடைத்த முதல் வெற்றி. அந்த அணியின் பயிற்சியாளர், மேன்லியில் ஆடிய அதே மால்கம் ரைலி. 1990-இல் வெம்ப்லியிலும் 19-12 என்று வென்றார்கள். ஆனால் தொடரை வெல்ல முடியவில்லை. ஆஷஸைப் பிரிட்டன் கடைசியாக வென்றது 1970-இல்தான்.

இப்போதும் அப்படிப் பயணங்கள் நடக்கின்றனவா?

பழைய பாணியில் சங்கம் சங்கமாக ஆடும் நீண்ட பயணம் 1994-ஓடு முடிந்துவிட்டது எனலாம். 1982, 1986, 1990, 1994 என நான்கிலும் போனவர் மெனிங்கா ஒருவர்தான், கடைசி இரண்டிலும் அவரே தலைவர். 2003-க்குப் பிறகு ஆஷஸ் தொடரே நின்றுபோய், 2025-இல்தான் மீண்டும் நடந்தது. ஆஸ்திரேலியா வெம்ப்லியில் 26-6, லிவர்பூலில் 14-4, ஹெடிங்லியில் 30-8 என மூன்றையும் வென்றது. அதுவும் தோல்வியற்ற பயணம்தான். ஆனால் மூன்றே ஆட்டம். அதை 1982-ஓடு ஒப்பிட்டு யாராவது பேசினால், பயணம் எப்படியிருக்கும் என்று மூன்றாவது கேள்விக்குச் சொன்ன பதிலை அவருக்குக் காட்டுங்கள். விகனும் ஹல்லும் வாரநடுவில் காத்திருக்கும் பயணம் வேறு.

பழைய பதிவு ஒன்றைப் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பது? எதைக் கவனிப்பது?

எல்லோரும் முதல் டெஸ்டைச் சொல்வார்கள். அதையே பாருங்கள், ஆனால் இரண்டு முறை. முதல் முறை பந்தைப் பாருங்கள். ஸ்டெர்லிங்கின் தாழ்வான உதைகள், கென்னி இடைவெளியில் நழுவும் விதம், குரோத்தைப் பிடிக்க இரண்டு பேர் தொங்கியும் அவர் நடந்துபோவது, எல்லாம் கண்ணுக்கு விருந்து.

இரண்டாம் முறை பந்தை விட்டுவிட்டுப் பிரைஸையும் பியர்ஸையும் மட்டும் பாருங்கள். ஆட்டம் முடியப் பத்து நிமிடம், வெற்றி எப்போதோ உறுதியாகிவிட்டது. பிரிட்டன்காரர் ஒருவர் பந்தோடு வருகிறார். பிரைஸ் பாய்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டு விழுகிறார். எழுந்ததும் ஆடையில் ஒட்டிய சேற்றைக்கூடத் தட்டாமல், தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடக்க, ஓடி வரிசையில் தன் இடத்தில் போய் நிற்கிறார். அடுத்தவர் வருகிறார். மறுபடியும் பாய்கிறார். எதிர்வீட்டுப் பெரியவர் அந்த இடம் வரும்போது ஒலியைக் குறைத்துவிட்டு, ஒவ்வொரு முறை பிரைஸ் எழும்போதும் விரல்விட்டு எண்ணுவார்.